கம்பி நீட்டும் ஆங்கிலம்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே போகிற போக்கில் 'அப்ஸ்குவாட்சுலேட்' என்று எழுதி வைத்தேன். வாசகர்கள் விடுவதாக இல்லை. எனவே இந்த இதழ் முழுக்க அந்தச் சொல்லுக்கும் அதன் பங்காளிகளுக்கும்.

கே: 'அப்ஸ்குவாட்சுலேட்' என்பது ஆங்கிலமா, அச்சுப்பிழையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்

ப: அசல் ஆங்கிலம் ஐயா, அதுவும் அமெரிக்க ஆங்கிலம். சொல்லாமல் கொள்ளாமல், சட்டென்று, கைக்கு எட்டினால் அடுத்தவர் பணத்தோடும் இடத்தைக் காலி செய்வது என்று பொருள். 1830களில் அமெரிக்காவில் புழங்கத் தொடங்கியது. ஆக்ஸ்போர்டு அகராதியும் இடம் கொடுத்திருக்கிறது. 'குவாட்' என்ற இடத்தில் அழுத்தம் கொடுங்கள், மிச்சம் தானாக உருண்டு வரும். நீங்கள் ஓய்வுபெற்றுவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்: வகுப்பில் ஒருமுறை இதைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது.

கே: ஒலியைக் கேட்டால் லத்தீன் மாதிரி இருக்கிறதே! ரோமாபுரிச் சரக்கா?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: வேஷம் ரோமாபுரி, ஆள் கென்டக்கி. முன்னால் நிற்கும் 'அப்' லத்தீனில் 'விலகி' என்று பொருள்படும். வாலில் இருக்கும் 'லேட்', 'பெராம்புலேட்' போன்ற கனத்த லத்தீன் சொற்களிலிருந்து வெட்டி ஒட்டியது. (லேட் என்றதும் தாமதம் என்று நினைக்க வேண்டாம். ஓடுகிறவன் லேட்டாக ஓடினால் பிடிபட்டுவிடுவான்.) இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிறது 'ஸ்குவாட்', அதாவது குந்துதல். குந்தியிருந்த இடத்தை விட்டு விலகுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குந்தலில் இன்னொரு வாடையும் உண்டு. அன்றைக்கு மேற்கே போய், பட்டாவும் இல்லாமல் பத்திரமும் இல்லாமல், காலியாகக் கிடந்த நிலத்தில் மரக்குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டவருக்கு 'ஸ்குவாட்டர்' என்று பெயர். நம்மூர் வருவாய்த் துறை பாஷையில் ஆக்கிரமிப்பாளர். (காலி நிலம் என்பது குடியேறியவர்களின் கணக்கு. அங்கேயே இருந்த பூர்வகுடிகளின் கணக்கு வேறு.) யாரையும் கேட்டு வந்தவர் இல்லை என்பதால், போகும்போதும் யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

கே: இந்தச் சொல்லைக் கண்டுபிடித்த மகானுபாவர் யார்?
– வாசகர், புதுக்கோட்டை

ப: ஒற்றை ஆளைப் பிடித்துச் சிலை வைக்க முடியாது. அந்தக் காலத்து அமெரிக்காவுக்கே போலி லத்தீன் பித்து பிடித்திருந்தது. குழப்பிவிடுவதற்கு 'டிஸ்கம்பாபுலேட்', ஏமாற்றுவதற்கு 'ஹார்ன்ஸ்வாகிள்', எதிராளியை ஒரேயடியாகச் சாய்க்கும் குத்துக்கு 'சாக்டாலஜர்' என்று ஆளாளுக்குச் சொல் அடித்துத் தள்ளினார்கள். கிழக்குக் கரைப் படிப்பாளிகள் லத்தீன் கலந்து மிரட்டினால், எல்லைப்புறத்து ஆள் அதைவிட நீளமாக, பொருளே இல்லாத லத்தீனில் திருப்பி மிரட்டுவான். பத்திரிகைக்காரர்களுக்கு இது நல்ல தீனி. எல்லைப்புறத்தான் வாயில் வந்ததில் பாதி, நகரத்துப் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து அவன் பேரில் எழுதியதுதான் என்பது என் சந்தேகம்.

மேடைக்கும் பங்கு உண்டு. ஜேம்ஸ் ஹாக்கெட் என்ற அமெரிக்க நடிகர் 1833-ல் லண்டனில் 'தி கென்டக்கியன்' நாடகத்தில் நிம்ராட் வைல்ட்ஃபயர் என்ற வாய்ச்சவடால் பாத்திரத்தில் நடித்தார். இந்தச் சொல்லின் ஆரம்பகாலத் தடங்களில் அந்த நாடகமும் ஒன்று. வைல்ட்ஃபயர் யாருடைய நகல் என்பது அப்போதே ஊரறிந்த ரகசியம்: டென்னசிக்காரரும் நாடாளுமன்ற உறுப்பினருமான டேவி கிராக்கெட். அந்த நிஜ கிராக்கெட் 1835 தேர்தலில் தோற்று டெக்சஸ் போனார், 1836 மார்ச்சில் அலமோ முற்றுகையில் இறந்தார். கம்பி நீட்டும் வசனமெல்லாம் நகலுக்கு. அசல் ஓடவில்லை.

கே: 'அப்ஸ்காண்ட்' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது இது எதற்கு?
– வழக்கறிஞர், மதுரை

ப: உங்கள் தொழிலில் இது வேண்டாம்தான். 'அப்ஸ்காண்ட்' நீதிமன்றச் சொல், அசல் லத்தீனில் 'ஒளித்துவைத்தல்' என்ற வேரிலிருந்து வந்தது. நம் காவல் துறை முதல் தகவல் அறிக்கையில் அதை எழுதி எழுதித் தேய்த்துவிட்டது. போதாக்குறைக்கு ஐ.டி. நிறுவனங்களின் மனிதவளத் துறையும் அதைப் பிடித்துக்கொண்டது. நோட்டீஸ் கொடுக்காமல் வேறு கம்பெனிக்குப் போன பையன்கூட இன்றைக்கு 'அப்ஸ்காண்டிங்'! கொலைகாரனுக்கும் அவனுக்கும் ஒரே சொல். அவனுக்காவது 'அப்ஸ்குவாட்சுலேட்'டை ஒதுக்கலாம். குற்றம் குறையும், எழுத்து கூடும்.

கே: ஓடிப்போவதற்கு அமெரிக்கர்களிடம் மட்டும் ஏன் இத்தனை சொற்கள்?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

ப: வங்கி ஊழியர் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் உங்கள் கவுன்ட்டரிலேயே இருக்கிறது: கடன்.

1830களின் அமெரிக்காவில் ஆளாளுக்கு வங்கி தொடங்கி, தன் இஷ்டத்துக்கு நோட்டு அடித்தார்கள். அதை வாங்கி நிலத்தில் போட்டார்கள், நிலத்தைக் காட்டி மேலும் கடன் வாங்கினார்கள். 1837 மே மாதம் நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குப் பதில் தங்கமும் வெள்ளியும் தர முடியாது என்று கையை விரித்தன. நாடே திவால். கடனைக் கட்டாதவனைச் சிறையில் போடும் வழக்கம் பல மாநிலங்களில் அப்போது இன்னும் சாகவில்லை. அதே நேரம் பக்கத்திலேயே டெக்சஸ், 1836 முதல் 1845 வரை தனி நாடு. எல்லையைத் தாண்டிவிட்டால் கடன்காரன் கை எட்டாது. விடியற்காலையில் வசூலுக்கு வந்தவர் பார்த்தது பூட்டிய கதவையும், அதில் சாக்குக்கட்டியால் கிறுக்கிய 'ஜி.டி.டி.' என்ற மூன்று எழுத்தையும். விரித்தால் 'டெக்சஸ் போயாச்சு'. குறைந்தபட்சம் போன இடத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்த மட்டும் நாணயஸ்தர்கள்.

சில்லறைக் கடனாளிகள் டெக்சஸ் போனார்கள் என்றால் பெரிய மனிதர்கள் ஐரோப்பா போனார்கள். அவர்களில் தலையாயவர் சாமுவேல் ஸ்வார்ட்வௌட். 1829-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் இவரை நியூயார்க் துறைமுகச் சுங்க வசூல் அதிகாரியாக நியமித்தார். அமெரிக்க அரசின் வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஒரு மேசை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜாக்சனின் வலது கையான மார்ட்டின் வான் பியூரன் வேண்டாம், வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜாக்சன் கேட்கவில்லை. நண்பனுக்குப் பதவி கொடுப்பதில் என்ன தப்பு என்பது அவர் கட்சி. ஸ்வார்ட்வௌட் 1838-ல் பதவிக்காலம் முடிந்து கப்பலேறி இங்கிலாந்து போன பிறகு கணக்கைப் பார்த்தால், சுமார் 12 லட்சம் டாலரைக் காணோம். அந்தக் காலத்து 12 லட்சம்!

முழுத் தொகையும் இவர் தலையில் மட்டும் விழ வேண்டியதுதானா என்று பின்னால் விவாதம் நடந்தது. ஆனால் மக்கள் விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. பணத்தோடு மறைந்தவனை 'ஸ்வார்ட்வௌட் ஆகிவிட்டான்' என்று சொல்லத் தொடங்கினார்கள். மனிதரே வினைச்சொல் ஆகிவிட்டார். 1841-ல் அவர் நாடு திரும்பினார், சிறைக்குப் போகவில்லை, 1856-ல் இறந்தார். வினைச்சொல்லும் மெல்ல மங்கிவிட்டது. அப்ஸ்குவாட்சுலேட் நிலைத்தது. மக்களுக்கு அயோக்கியனின் பெயரைவிட வேடிக்கையான ஒலிதான் அதிக நாள் நினைவில் நிற்கிறது.

கே: வங்கியில் ஆயிரக்கணக்கான கோடி வாங்கிவிட்டு விமானம் ஏறிய நம் தொழிலதிபர்கள் பெயரிலும் ஒரு வினைச்சொல் உருவாக்கலாமே?
– சிறுதொழில் நடத்துபவர், ஓசூர்

ப: நாம் ஒருபடி மேலே போய்ச் சட்டமே உருவாக்கிவிட்டோம். 2018-ல் வந்தது 'தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டம்'. ஆனால் தகுதி வரம்பு உண்டு, விவகாரம் 100 கோடி ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே ஓடுகிறவர்கள் வழக்கமான சட்டங்களைக் கொண்டே திருப்திப்பட வேண்டும்.

கே: 'ஓகே' என்பதும் இந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் என்கிறானே என் பேரன்?
– பாட்டி, மயிலாப்பூர்

ப: பேரனுக்கு ஒரு ஜாங்கிரி கொடுங்கள். அதே பித்து, அதே பத்தாண்டு. 'எல்லாம் சரி' என்பதற்கான ஆங்கிலத்தை வேண்டுமென்றே தப்பாக 'ஓல் கொரெக்ட்' என்று எழுதி, அதையும் சுருக்கி, 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' அச்சேற்றியது. மறுநாள் மறந்துபோயிருக்க வேண்டிய கடி ஜோக். ஸ்வார்ட்வௌட் வேண்டாம் என்று கதறினாரே வான் பியூரன், அவர் 1840-ல் மறுபடி ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது காப்பாற்றிவிட்டார். அவர் ஊர் கின்டர்ஹுக். 'ஓல்ட் கின்டர்ஹுக்' என்பதன் முதலெழுத்துகளும் ஓ.கே.யாக அமைய, ஆதரவாளர்கள் ஊரெங்கும் முழங்கினார்கள். தேர்தலில் தோற்றார். கோஷம் மட்டும் உலகத்தை ஜெயித்தது.

கே: 'ஸ்கெடாடில்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்ததாமே?
– ஆங்கில ஆசிரியை, நாகர்கோவில்

ப: வந்ததாகச் சொன்னவர்கள் கிரேக்கம் படித்தவர்கள். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும், எதிரி புறமுதுகு காட்டியதை வடக்குப் படையினர் இப்படிக் கிண்டல் செய்தார்கள். சொல் தீயாகப் பரவியது. உடனே அறிஞர்கள் பேனாவைத் தூக்கினார்கள். 'சிதறடித்தல்' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல் ஒன்றைப் பிடித்துவந்து தகப்பன் என்று நிறுத்தினார்கள். ஓஹையோ பண்ணைப் பையன் துப்பாக்கியும் கையுமாக நிற்கும்போது ஹோமரை நினைத்தான் என்று நான் நம்பத் தயாரில்லை. பிரிட்டனின் வடபகுதி வட்டார வழக்கில் பால் தளும்பிச் சிந்துவதற்கு இதைப் போல ஒரு சொல் இருந்தது. அது தகப்பனாக இல்லாவிட்டாலும் சித்தப்பாவாக இருக்கலாம். மரபணுச் சோதனை முடியவில்லை.

ஒரு கூடுதல் செய்தி: போருக்கு ஆள் பிடிப்பதிலிருந்து தப்பி வடக்கே ஓடியவர்கள் ஒதுங்கிய ஒரு மலைமுகட்டுக்குக் கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் 'ஸ்கெடாடில் ரிட்ஜ்' என்றே பெயர்.

கே: இந்தக் கிறுக்குச் சொற்களால் யாருக்காவது நன்மையோ தீமையோ விளைந்தது உண்டா?
– சினிமா உதவி இயக்குநர், வடபழனி

ப: ஒரு ஜனாதிபதி கொல்லப்பட்ட கணத்தில் மேடையில் ஒலித்தது இந்த வகைச் சொல்தான். போதுமா?

1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டனில் ஃபோர்ட்ஸ் தியேட்டர். 'அவர் அமெரிக்கன் கசின்' என்ற நகைச்சுவை நாடகம். மாடத்தில் ஆபிரகாம் லிங்கன், மனைவியோடு. நாடகத்தை எழுதியவர் டாம் டெய்லர் என்ற ஆங்கிலேயர். அமெரிக்கப் பட்டிக்காட்டான் பேசுவது எப்படியிருக்கும் என்று லண்டனில் உட்கார்ந்து கற்பனை செய்தவர். மூன்றாம் அங்கத்தில் ஹாரி ஹாக் என்ற நடிகர் மேடையில் தனியாக நின்று, சூழ்ச்சிக்காரச் சீமாட்டி ஒருத்தியை மூச்சுவிடாமல் திட்ட வேண்டும். அந்த வசையில் வருகிறது 'சாக்டாலஜைசிங்'. முன்பு சொன்ன 'சாக்டாலஜர்' என்ற குத்தின் தம்பி. நாடகத்திலேயே அதிகச் சிரிப்பு எழும் இடம் அது.

ஜான் வில்க்ஸ் பூத் தானும் ஒரு நடிகன். இந்த நாடகம் அவனுக்குத் தெரியும், எந்த வரியில் அரங்கம் அதிரும் என்பதும் தெரியும். அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்து சுட்டான். சத்தம் சிரிப்பில் கரையும் என்பது அவன் கணக்கு. பிறகு மாடத்திலிருந்து மேடைக்குக் குதித்து, பின்வாசலில் நின்ற குதிரையில் ஏறி, நம் தலைப்புச் சொல்லுக்கு ஏற்ப அப்ஸ்குவாட்சுலேட் ஆனான். 12-வது நாள் வர்ஜீனியாவில் ஒரு புகையிலைக் கொட்டகையில் சுட்டு வீழ்த்தப்பட்டான். லிங்கன் காதில் கடைசியாக விழுந்த சொற்களில் ஒன்று, வேடிக்கைக்காக யாரோ திரித்த ஒரு போலி லத்தீன். திரைக்கதையில் எழுதினால் உங்கள் இயக்குநர் 'ஓவர்' என்று அடித்துவிடுவார்.

கே: 'சான்டர்' என்றால் புனித பூமிக்கு யாத்திரை போவது என்று படித்து நெகிழ்ந்தேன். உண்மையா?
– தினமும் கடற்கரையில் நடப்பவர், திருவான்மியூர்

ப: நெகிழ்ச்சி உண்மை, தகவல் சந்தேகம். சாவகாசமாக உலாத்துவதைச் சொல்லும் இந்த வினைக்கு அந்தக் கதையைப் பிரபலமாக்கியவர் ஹென்றி டேவிட் தோரோ. 'வாக்கிங்' என்ற அவர் கட்டுரை, அவர் இறந்த அடுத்த மாதம், 1862 ஜூனில் 'தி அட்லாண்டிக் மன்த்லி'யில் வந்தது. நாளைக்கு நான்கு மணி நேரமாவது நடக்காவிட்டால் உடம்பும் மனசும் சரிப்படாது என்று சொன்ன மனிதர். எருசலேம் போகிறேன் என்று சொல்லிப் பிச்சை எடுத்துத் திரிந்தவர்களின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து இந்தச் சொல் வந்ததாக அவர் எழுதினார். அவர் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1755-லேயே சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் போட்டுவைத்த கதைதான். இன்றைய அகராதிக்காரர்கள் ஏற்பதில்லை. யோசனையில் ஆழ்தல் என்ற பொருளில் இடைக்கால ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது, அதுவாக இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சொற்களின் பிறப்புக் கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதுவும் யாத்திரைதான். குதிரை அவசரமில்லாமல் மென்மையாக ஓடும் 'கேன்டர்'. 1170-ல் கேன்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்றே ஆண்டில் புனிதராக்கப்பட்டார். எட்டாம் ஹென்றி 1538-ல் சமாதியை இடிக்கும்வரை கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். குதிரையில் போனவர்கள் நாலுகால் பாய்ச்சலில் போகவில்லை, பேசிக்கொண்டே போகத் தோதான ஓட்டம். 'கேன்டர்பரி ஓட்டம்' என்ற அந்தப் பெயர் தேய்ந்து, பாதி ஊர்ப்பெயர் மட்டும் நின்றது. இதை அகராதிகளும் ஒப்புக்கொள்கின்றன. நீங்கள் இதற்கு நெகிழலாம்.

கே: 'மியாண்டர்'?
– சுருக்கமாகக் கேட்பவர், சேலம்

ப: துருக்கியில் ஓடும் நதி. இன்றைய பெயர் பியூக் மெண்டரெஸ். வளைந்து வளைந்து ஓடி ஏஜியன் கடலில் விழுகிறது. பழைய கிரேக்கர்களுக்கே அந்த வளைவு பழமொழி மாதிரி. வளைவோடு நிற்காமல் வண்டலையும் கொட்டிக் கொட்டி, மிலேட்டஸ் என்ற பெரிய துறைமுகத்தையே கடலிலிருந்து பல கிலோமீட்டர் பிரித்துவிட்டது. சுற்றிச் சுற்றிப் போகிறவர்களைச் சும்மா நினைக்காதீர்கள்.

கே: கௌபாய் படங்களில் 'வமூஸ்' என்று விரட்டுகிறார்களே, அது என்ன?
– பழைய படப் பிரியர், பாண்டிச்சேரி

ப: ஸ்பானிய மொழியில் 'வாமோஸ்' என்றால் 'போவோம், வா'. மெக்சிகோ எல்லையில் அதைக் கேட்டுக்கொண்ட அமெரிக்கர்கள் 'போடா' ஆக்கிவிட்டார்கள். 1846-ல் மெக்சிகோவோடு போர் தொடுத்து அவர்கள் நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டவர்கள், இலக்கணத்தில் 'நாம்' என்பதை மட்டும் விட்டுவைப்பார்களா?

கே: விருந்தில் யாரிடமும் சொல்லாமல் நழுவுவதை ஆங்கிலேயர் 'பிரெஞ்சு விடுப்பு' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லையா?
– இல்லத்தரசி, ஈரோடு

ப: அவர்கள் அதை 'ஆங்கிலேயர் பாணியில் நழுவுதல்' என்கிறார்கள். கணக்கு நேர்.

கே: இவ்வளவு சொற்களில் யாருக்காவது நிச்சயமான தந்தை உண்டா?
– குடும்பநல ஆலோசகர், தஞ்சாவூர்

ப: 'கலம்ஃப்' என்ற ஒன்றுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. லூயிஸ் கரோல் 1871-ல் 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' புத்தகத்தில் வரும் 'ஜாபர்வாக்கி' பாட்டுக்காகச் செய்தது. அரக்கனைக் கொன்ற பையன் வெற்றிக் களிப்போடு வீடு திரும்பும் நடை. குதிரைப் பாய்ச்சலும் வெற்றியும் கலந்த சொல் என்பது பொதுவான கருத்து. அதே பாட்டில் பிறந்த 'சார்ட்டில்' என்ற சிரிப்பும் அகராதி ஏறிவிட்டது. ஆனால் வளர்ந்த பிள்ளை தகப்பன் பேச்சைக் கேட்குமா? வெற்றி கழன்றுபோய், இன்றைக்குக் 'கலம்ஃப்' என்றால் மாடிப்படியில் தொம் தொம் என்று இறங்குவது.

கே: அப்ஸ்குவாட்சுலேட் என்பதற்குத் தமிழில்?
– தமிழ்ப் பேராசிரியர், பாளையங்கோட்டை

ப: கம்பி நீட்டுதல், டிமிக்கி கொடுத்தல், நழுவுதல், நடையைக் கட்டுதல். சென்னையில் 'எஸ்'. அமெரிக்கன் நான்கு அசையில் ஓடுகிறான், நம் பையன் ஒரே எழுத்தில் ஓடிவிடுகிறான்.

கே: ஐஈஎல்டிஎஸ் தேர்வு எழுதப் போகிறேன். கட்டுரையில் இந்தச் சொல்லைப் போட்டால் மதிப்பெண் கூடுமா?
– செவிலியர், வேலூர்

ப: கூடாது. இது சிரிப்புக்காகப் பிறந்த சொல், இரண்டு நூற்றாண்டாக அந்த வேலையைத்தான் பார்க்கிறது. பரீட்சைக் கட்டுரையில் போட்டால் சிரிப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள். 'லெஃப்ட்' என்று எழுதுங்கள். விசா வந்து, வேலை கிடைத்து, அங்கே சக செவிலியர்களோடு டீ குடிக்கும்போது இதை எடுத்து விடுங்கள்.